முழு வடிவில் காண்க

ஜப்பானின் கனசாவாவில் பிப்ரவரி மாதம் வெயிலை எதிர்பார்ப்பவன் வெளியூர்க்காரனாகத்தான் இருப்பான். அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் கணினியியல் துறை இருந்த நான்காம் மாடியில் யாராவது "இல்லை" என்று சொல்வார்கள் என எதிர்பார்ப்பவனும் அப்படித்தான்.

இத்தனைக்கும் அந்த மாடிக்காரர்கள் பிழைப்பு நடத்தியதே அந்த ஒரு சொல்லை வைத்துத்தான். ஆயிரக்கணக்கான கணினிகள் கோத்த ஒரு வலை. எந்தக் கணினிக்கும் முழு வலை தெரியாது, பக்கத்தில் இருப்பவை மட்டும்தான் தெரியும். அந்த வலையில் எங்காவது ஐந்து கணினிகள் கைகோத்து வளையமாக நிற்கின்றனவா என்று சோதிக்க வேண்டும். ஒவ்வொன்றும் தன் பெயரை ஒரு செய்தியில் எழுதிப் பக்கத்தில் கொடுக்கும். அது அடுத்ததிடம் கொடுக்கும். அனுப்பிய பெயர் சுற்றிக்கொண்டு மறுபக்கமாகத் தன்னிடமே வந்து நின்றால் அங்கே வளையம் இருக்கிறது என்று அர்த்தம். உடனே அந்தக் கணினி "இல்லை, இந்த வலை தேறாது" என்று சொல்லிவிட வேண்டும். மற்ற எல்லாமும் "சரி, சரி" என்று தலையாட்டினாலும் பரவாயில்லை, ஒரே ஒரு "இல்லை" போதும். பக்கத்தில் இருப்பது என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லலாம் எனக் காத்திருப்பது மட்டும் கூடாது. அந்தத் துறையின் முதல் பாடமே இதுதான்.

இதைக் கரும்பலகையில் எழுதி மாணவர்களுக்கு மதிப்பெண் போட்ட அதே மனிதர்கள்தான் மாதாந்திரக் கூட்டத்தில் போய் உட்கார்ந்தார்கள். துறைத்தலைவர் ஹியாமா ஒவ்வொரு தீர்மானத்தையும் படித்துவிட்டு "ஆட்சேபம் உண்டா?" என்று கேட்பார். கேட்டுவிட்டு ஒரு மிடறு தேநீர் குடிப்பார். அந்த மிடறு தொண்டையில் இறங்கும் நேரம்தான் ஆட்சேபத்துக்கு ஒதுக்கப்பட்ட நேரம். முப்பது வருஷத்தில் ஒருவர்கூட அவரையோ அவருக்கு முன்னால் இருந்தவர்களையோ புரையேற வைத்ததில்லை.

உசாமி சயோவுக்கு இதையெல்லாம் பார்த்தால் சிரிப்பாக வரும். முப்பத்தைந்து வயது உதவிப் பேராசிரியை. ஐந்து வருஷ ஒப்பந்தம். மார்ச் முப்பத்தொன்றோடு முடிகிறது. கூட்டத்தில் யார் எத்தனை முறை "அதுவும் சரிதான்" என்று சொன்னார்கள் என்று நோட்டின் ஓரத்தில் கோடு போட்டு எண்ணுவது அவள் பொழுதுபோக்கு. போன நவம்பர் கூட்டத்தில் இணைப்பேராசிரியர் நிவா பதினேழு கோடு வாங்கினார். தன் பெயரில் அவள் ஒரு கோடும் போட்டதில்லை. அவள்தான் வாயே திறப்பதில்லையே, எப்படிக் கோடு விழும்?

அந்த மாடிக்குப் பெருமை தேடிக் கொடுத்தது பேராசிரியர் குசகாபேயின் தேற்றம். வலை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பத்தே சுற்றுச் செய்தி போதும், வளையங்கள் மலிந்த வலையில் யாராவது ஒருவன் "இல்லை" என்று சொல்லியே தீருவான் என்பது தேற்றம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் வெளியான கட்டுரை. அதற்குப் பரிசு கிடைத்தது, மாடிப்படி ஏறியதும் கண்ணில் படும்படி அவருடைய படம் மாட்டப்பட்டது. இப்போது அவர் மார்ச்சில் ஓய்வு பெறுகிறார்.

அதற்காக ஒரு நீல அட்டைக் கோப்பு தயாரானது. உள்ளே ஒரே ஒரு தாள். அந்தத் தேற்றத்தை அடித்தளமாக வைத்துக் குசகாபே பெயரில் ஓர் ஆய்வுக்கூடம் தொடங்குவது, அவர் நாற்காலியில் நிவாவை உட்கார வைப்பது, உசாமியை நிரந்தரமாக்குவது. மூன்றையும் ஒரே தாளில் போட்டவன் கெட்டிக்காரன். ஒன்றைப் பிடித்து இழுத்தால் மூன்றும் கிழியும், அதனால் யாரும் இழுக்க மாட்டார்கள். தாளின் அடியில், கையெழுத்துக்குப் பதிலாக அவரவர் பெயர் முத்திரை வைக்க வரிசையாகக் கட்டங்கள். அங்கே வழக்கம் கீழ்ப்படியிலிருந்து தொடங்குவது. முதல் கட்டம் உசாமிக்கு. சின்ன உத்தியோகக்காரர் முத்திரையைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்துக் குத்த வேண்டும், பக்கத்துக் கட்டத்தில் வரப்போகும் பெரியவரை வணங்குகிற மாதிரி. எந்தச் சட்டத்திலும் இப்படி இல்லை. ஆனாலும் அந்த மாடியின் தாள்களை எடுத்துப் பார்த்தால் எல்லா முத்திரைக்கும் கழுத்து சுளுக்கியது போலத்தான் இருக்கும்.

உசாமியின் முத்திரையும் ஐந்து வருஷமாகச் சுளுக்கோடுதான் விழுந்தது. சிரிப்பது வேறு, குத்துவது வேறு.

குசகாபேயின் கடைசி விரிவுரைக்குப் படங்கள் தயாரிக்கும் வேலை அவள் தலையில் விழுந்தது. தேற்றத்தின் நிறுவலை ஒவ்வொரு படியாகப் படமாக்கிக்கொண்டே வந்தவள் ஆறாவது துணைத்தேற்றத்தில் நின்றாள். வளையத்தின் இரு பக்கமாகவும் செய்திகள் புறப்படும், இரண்டும் பிழைத்து வந்து சேர்ந்தால்தான் வளையம் பிடிபடும். வழியில் நெரிசல். ஒரு கம்பியில் ஒரு நேரத்துக்கு ஒரு செய்திதான் போகும் என்பதால், சீட்டுக் குலுக்கி ஒன்றை அனுப்பிவிட்டு மற்றதைக் கைவிட்டுவிடுவார்கள். ஒரு பக்கத்துச் செய்தி கைவிடப்படுவதற்கும் மறுபக்கத்துச் செய்தி கைவிடப்படுவதற்கும் சம்பந்தமே இல்லை என்கிறது ஆறாவது துணைத்தேற்றம். மொத்தக் கட்டடமும் அதன் மேல் நிற்கிறது. நிறுவல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வரி: "முழு வடிவில் காண்க."

முழு வடிவம் என்பது இந்தத் தொழிலில் சொர்க்கம் மாதிரி. எல்லோரும் நம்புகிறார்கள், போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் யாருமில்லை. மாநாட்டுக் கட்டுரைக்குப் பத்துப் பக்கம்தான் இடம். பதினோராம் பக்கத்தில் வர வேண்டிய வில்லங்கத்தையெல்லாம் "முழு வடிவம்" என்ற பரணில் தூக்கிப் போட்டுவிடுவார்கள். பரணில் என்ன இருக்கிறது என்று ஏணி வைத்து ஏறிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. உசாமி ஏறினாள். குசகாபேயின் தேற்றத்துக்கு முழு வடிவம் என்று எதுவும் எங்கேயும் இல்லை.

மதியம் உணவகத்தில் நிவா கத்சுக் கறி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாற்பத்தேழு வயது. வறுத்த இறைச்சித் துண்டுகளை ஒரே அளவாக இருக்கின்றனவா என்று சரிபார்த்த பிறகே சாப்பிடத் தொடங்குகிற ஆள். அந்த மாடியில் பெரியவர்கள் பெயரோடு சென்செய் என்றும் மற்றவர்கள் பெயரோடு சான் என்றும் மரியாதைக்கு ஒட்டிக்கொள்ள வேண்டும்.

"நிவா சென்செய், அந்த ஆறாவதோட நிறுவல் உங்ககிட்ட இருக்கா? ஒரு படம் போடணும்."

"ஆறாவதா? அது ரொம்பச் சுலபமாச்சே."

"சுலபம்னா இப்பவே சொல்லிடுங்களேன். எழுதிக்கறேன்."

"சாப்பிடும்போதா?" நிவா முட்கரண்டியைக் கீழே வைத்தார். "அது குசகாபே சென்செய் சரிபார்த்தது, உசாமி சான். அவர் பார்க்காம ஒரு பேப்பர் வெளிய போகுமா?"

"நீங்க பார்த்தீங்களா?"

"அவர் பார்த்தாருங்கறதை நான் பார்த்தேன்."

"அவர் என்ன பார்த்தாருன்னு பார்த்தீங்களா?"

"உங்க கறி ஆறுது," என்றார் நிவா. அவள் வாங்கியிருந்தது உடோன் நூடுல்ஸ். அதைச் சுட்டிக் காட்டாமல் அவள் எழுந்து போனாள்.

குசகாபே தன் அறையில் புத்தகங்களை ஆரஞ்சுப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார். அறுபத்தைந்து வயதிலும் நிமிர்ந்த முதுகு. கேள்வியைக் கேட்டதும் கையில் இருந்த புத்தகத்தின் தூசியை நிதானமாகத் துடைத்தார். தூசி போன பிறகும் துடைத்தார்.

"ஆறாவது மோகி எழுதின பகுதி இல்லையா? அவன் கை சுத்தமான கை. நான் அதுல கமா கூட மாத்தலை."

"நிறுவலைப் பார்த்தீங்களா சென்செய்?"

"மோகிகிட்ட பேசுங்க. அவன் எல்லாத்தையும் நோட்டுல எழுதி வெச்சிருப்பான்." பிறகு என்ன நினைத்தாரோ, "கடைசி விரிவுரைக்கு அவ்வளவு ஆழமா வேண்டாம். பூவும் பலகாரமும் கொண்டு வர்றவங்களைப் போட்டுப் படுத்தக் கூடாது," என்றார்.

அறைக்குத் திரும்பி வந்த உசாமி கதவைச் சாத்திவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். நிவா, குசகாபே பார்த்தாரா என்று பார்த்திருக்கிறார். குசகாபே, மோகியின் கையைப் பார்த்திருக்கிறார். இந்த லட்சணத்தில் படிக்கட்டு முகப்பில் படம் வேறு. கொடுத்த செய்தியைப் பக்கத்துக் கணினி கண்ணை மூடிக்கொண்டு அடுத்ததுக்குத் தள்ளுகிறதே, அந்த வேலையை இவர்கள் எவ்வளவு அழகாகக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தாள். அந்த மதியம் அவள் ரொம்ப சந்தோஷமாக இருந்தாள்.

மோகி இப்போது செந்தாய் நகரில் பேராசிரியர். அந்த நாளில் இங்கே ஆய்வாளராக இருந்தவர். திரையில் அவர் முகம் வந்ததும் உசாமி சுற்றிவளைக்காமல் கேட்டாள்.

"ஆறாவதா?" மோகி புருவத்தைச் சுருக்கினார். "அதை நான் எழுதினேன். ஆனா நிறுவல் என்னோடது இல்லையே."

"அப்ப யாரோடது?"

"உங்களோடது."

உசாமி திரையையே பார்த்தாள்.

"விளையாடாதீங்க மோகி சான்."

"விளையாட்டா? இருங்க, நோட்டை எடுக்கறேன்." அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர் பழுப்பேறிய ஒரு பக்கத்தைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தார். "நவம்பர் இருபத்தாறு. செவ்வாய்க் கருத்தரங்கு. பேசியவர், உசாமி, முதுகலை இரண்டாம் ஆண்டு. இதோ பாருங்க, துணைத்தேற்றம் ஆறு. இடப்பக்கம், அப்பறம் வலப்பக்கம். முடிஞ்சுதுன்னு சின்னக் கட்டம் கூடப் போட்டிருக்கீங்க. நான் அப்படியே எழுதிக்கிட்டேன்."

"வலப்பக்கத்துக்கு என்ன எழுதியிருக்கு?"

மோகி பக்கத்தை மூக்கருகே கொண்டுபோய்ப் படித்தார். "இதேபோல்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். இதேபோல்னு போட்டு, கட்டம்."

அந்தச் சாயங்காலம் அவளுக்கு நினைவு வந்தது. இருபத்துமூன்று வயது. இடப்பக்கத்துக்கு மூன்று வாரம் முட்டி மோதி ஒரு நிறுவல் கண்டுபிடித்திருந்தாள். வலப்பக்கம் பிடிபடவில்லை. நேரம் ஐந்தை நெருங்கியது. சுண்ணக்கட்டி கையில் வழுக்கியது. "இதேபோல்" என்று எழுதி, கட்டத்தைப் போட்டு, யாராவது கேட்கட்டும், தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டு உட்கார்ந்துவிடலாம் என்று காத்திருந்தாள். குசகாபே தலையாட்டினார். அவர் ஆட்டியதைப் பார்த்து நிவா ஆட்டினார். இரண்டு தலையும் ஆடியதைப் பார்த்து மோகி எழுதிக்கொண்டார். அப்புறம் எல்லோரும் அவளுக்கு ஆரஞ்சுப் பழம் கொடுத்துப் பாராட்டினார்கள். பெரியவர்களுக்குப் புரிந்துவிட்டது, நமக்குத்தான் மூளை போதவில்லை என்று அவள் பழத்தை உரித்துச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். கட்டுரையின் கடைசியில் அவள் பெயரும் இருந்தது: பயனுள்ள உரையாடல்களுக்கு நன்றி.

அனுப்பிய பெயர் மறுபக்கமாக அவளிடமே திரும்பி வந்து நின்றது. யார் யாரைப் பார்த்துச் சிரித்தாளோ அவர்கள் வரிசையில் முதல் ஆளாக அவளே நின்றாள். வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு மேல் கோபம் வந்தது, அந்த மூன்று தலையாட்டிகள் மேல் முக்கால்வாசி, அந்தச் சுண்ணக்கட்டிக்காரி மேல் மீதி.

"மோகி சான், நீங்களா உட்கார்ந்து வலப்பக்கத்தைப் போட்டுப் பார்த்தீங்களா?"

மோகி நோட்டை மூடினார். "ஒருதடவை பார்த்தேன். வரலை. நம்ம மூளை அவ்வளவுதான்னு விட்டுட்டேன். முதுகலைப் பொண்ணுக்கே வருதே, அதைப் போய்க் கேட்டா மானம் போகுமேன்னு இருந்தது."

"எனக்கு வரலை."

"என்னது?"

"எனக்கு அப்பவும் வரலை. இப்பவும் வரலை."

நான்கு நாள் அவள் அந்த வலப்பக்கத்தோடு உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டியது, சாலையில் பதித்த குழாய்கள் நிலத்தடி நீரைப் பீய்ச்சி அதைக் கரைத்தன, மறுபடி கொட்டியது. முதல் இரண்டு நாள் நிறுவப் பார்த்தாள். மூன்றாம் நாள் உடைக்கப் பார்த்தாள். நான்காம் நாள் காலை ஒரு தாளில் ஏழு புள்ளி வைத்தாள். ஐந்து புள்ளி வளையம், இரண்டு புள்ளி நடுவில் மூக்கை நுழைக்கிறவை. சீட்டு எப்படிக் குலுக்கினாலும் அந்த இரண்டின் செய்தி ஏதாவது ஒரு பக்கத்தை நசுக்கியே தீரும். இடப்பக்கச் செய்தி பிழைத்தால் வலப்பக்கம் சாகும். வலப்பக்கம் பிழைத்தால் இடப்பக்கம். சம்பந்தமே இல்லை என்று சொன்ன இரண்டுக்கும் அப்படியொரு சம்பந்தம். இந்த ஏழு புள்ளியை ஆயிரம் முறை ஒட்டி ஒரு வலை செய்தால் அதில் திரும்பிய பக்கமெல்லாம் வளையம் இருக்கும். குசகாபேயின் சோதனையோ பத்துச் சுற்றும் முடிந்து ஒரு "இல்லை"கூட வராமல் ஒட்டுமொத்தமாகச் "சரி" என்று சொல்லிவிடும்.

துறைக் கூட்டம் போலவே, என்று நினைத்தாள். ஆனால் இந்த முறை சிரிப்பு வரவில்லை.

தாளை நிவாவிடம் கொண்டுபோனாள். அவர் இரண்டு தரம் விரலால் புள்ளிகளைத் தொட்டு எண்ணினார். காது மடல் சிவந்தது. புரிந்துவிட்டது என்று தெரிந்தது. நிவா முட்டாள் இல்லை, அதுதான் அவர் மேல் அவளுக்கு இருந்த எரிச்சல்.

"உசாமி சான், இது பிப்ரவரி மாசம்."

"தெரியும்."

"ஏப்ரல்ல கண்டுபிடிச்சிருக்கலாமே."

"ஏப்ரல்ல புள்ளியெல்லாம் இடம் மாறிடுமா சென்செய்?"

"ஏப்ரல்ல நான் பேராசிரியர். நீங்க நிரந்தரம். அப்ப ரெண்டு பேருமா உட்கார்ந்து நிதானமா ஒரு திருத்தம் எழுதலாம். பெருந்தன்மையா இருக்கும். இப்ப சொன்னா என்ன ஆகும்? கூடம் போச்சு, என் நாற்காலி போச்சு, உங்க வேலை போச்சு. அவருக்குக் கடைசி விரிவுரை. ஏழு வாரம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்க முடியாதா?"

"பன்னெண்டு வருஷமா கடிச்சிருக்கேன். தெரியாமலே."

"அப்ப இன்னும் ஏழு வாரம் தெரிஞ்சே கடிங்க," என்றார் நிவா. அதில் கிண்டல் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. அவருக்குத் தேர்வுக்குப் படிக்கிற இரண்டு பெண்கள் இருப்பதும், உசாமிக்கு இந்த வயதில் இன்னொரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காது என்பதும் இருவருக்கும் தெரியும். கணக்கைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் தெரியாது, பிடிக்காது. தாளை மடித்து எடுத்துக்கொண்டு அவள் தன் அறைக்குத் திரும்பினாள்.

மறுநாள் அலுவலகத்து ஒகானோ சான் நீலக் கோப்போடு வந்தார். முப்பத்தொரு வருஷமாக அந்த மாடியின் தாள்களைச் சுமக்கிற அம்மாள். கோப்பை வைத்துவிட்டு, மை அட்டையையும் திறந்து அருகில் தள்ளினார். அவ்வளவு உபசாரம்.

"சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன், உசாமி சென்செய். நீங்க குத்தினாத்தான் மேல போகும்."

சாயங்காலம் வந்து பார்த்தவர் கட்டம் காலியாக இருப்பதைக் கண்டார்.

"மறந்துட்டீங்க."

"மறக்கலை."

"குத்தலைன்னா?"

"குத்தலை."

ஒகானோ கோப்பை மூடி, திறந்து, மறுபடி பார்த்தார். "முத்திரை தொலைஞ்சுபோச்சா? தொலைஞ்சா அதுக்கு ஒரு படிவம் இருக்கு. உடம்பு முடியலைன்னா அதுக்கும் இருக்கு. சும்மா குத்தலைங்கறதுக்கு என்கிட்ட படிவமே இல்லையே."

"கூட்டத்துல சொல்லிக்கறேன், ஒகானோ சான். அப்படியே கொண்டு போங்க."

"அப்படியே எப்படி? நிவா சென்செய் யாரைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுக் குத்துவாரு?" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். ஆனால் நிவா குத்தினார். குசகாபேயும் குத்தினார். நிவாவின் முத்திரை எப்போதையும்விட அதிகமாகச் சாய்ந்திருந்தது.

கூட்டம் பதினான்காம் தேதி மதியம் இரண்டு மணிக்கு. பதினோரு பேர். ஹியாமா தீர்மானத்தைப் படித்தார். முதல் கட்டம் காலியாக இருப்பதைப் பார்த்து, அச்சுப் பிழை என்று நினைத்தவர் போலத் தாண்டிப் போனார்.

"ஆட்சேபம் உண்டா?" தேநீர்க் கோப்பையை எடுத்து ஒரு மிடறு குடித்தார்.

"உண்டு," என்றாள் உசாமி.

குரல் அவள் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது. ஆனாலும் ஹியாமாவுக்குப் புரையேறியது. குறிப்பெடுத்துக்கொண்டிருந்த இளம் விரிவுரையாளர் பேனாவைத் தூக்கிக்கொண்டு, இதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று தெரியாமல் விழித்தார்.

இருமி முடித்த ஹியாமா சொன்னார். "அது ஏதாவது நுணுக்கமான விஷயமா இருந்தா வெளிய பேசிக்கலாமே, உசாமி சான். இங்க நிர்வாகம்தான்."

"தேற்றம் தப்பு. கூடமே அதுமேலதான் நிக்குது."

யாரும் யாரையும் பார்க்கவில்லை. நிவா மேஜையின் மரக்கோடுகளைப் படித்துக்கொண்டிருந்தார். குசகாபே மட்டும் எழுந்து, பலகைப் பக்கம் கையைக் காட்டினார்.

"எழுதுங்க."

ஏழு புள்ளி வைத்தாள். கோடுகளை இழுத்தாள். இடப்பக்கத்தை விளக்கினாள். வலப்பக்கத்தையும் கடைசிவரை எழுதினாள். ஆறு நிமிடம் ஆனது. குசகாபே பலகைக்கு அருகில் போய் நின்று, அவள் எழுதியதை வரிவரியாகப் படித்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் செய்திருக்க வேண்டிய வேலை.

"எத்தனை நாளா தெரியும்?"

"ரெண்டு நாளா. இல்லாட்டி பன்னெண்டு வருஷமா. அன்னிக்கு இதேபோல்னு எழுதினது நான்தான், சென்செய். எனக்கு வரலை, அதனாலதான் எழுதினேன். நீங்க தலையாட்டினீங்க."

"ஆட்டினேன்," என்றார். "அடுத்த வசந்தத்துல நானே போட்டுப் பார்த்தேன். மூணு தடவை. வரலை. வயசாயிடுச்சு, மோகி மாதிரி ஆளுங்களுக்கு வந்திருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்."

"நிவா சென்செய்க்கு?" என்று கேட்டாள்.

நிவா மரக்கோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே தலையை ஆட்டினார். அந்த ஆட்டலுக்கு என்ன அர்த்தம் என்று அறையில் எல்லோருக்கும் தெரிந்தது. ஆக நான்கு பேரும் தனித்தனியாக ஓட்டையைப் பார்த்திருக்கிறார்கள். நான்கு பேரும் ஓட்டை தங்கள் மண்டையில் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்தவன் "சரி" என்று சொல்லிவிட்டானே என்று நான்கு பேரும் "சரி" சொல்லி, உலகத்துக்கே "இல்லை" சொல்லும் கலையைக் கற்றுக்கொடுத்து, அதற்குப் பரிசும் வாங்கியிருக்கிறார்கள். இதைவிடப் பெரிய கேலிக்கூத்தை யாரும் யோசித்து உண்டாக்க முடியாது.

தீர்மானம் விழுந்தது. விழுந்த தீர்மானத்துக்கு ஒரு முத்திரை வேண்டுமாம். "நிராகரிக்கப்பட்டது" என்று ஒன்று துறையில் இருக்கத்தான் செய்தது. ஒகானோ அதை இழுப்பறையின் அடியிலிருந்து கொண்டுவந்தார். கடையிலிருந்து வந்த காகிதம்கூடப் பிரிக்கவில்லை. அவர் வேலைக்குச் சேர்ந்த வருஷம் வாங்கியது. பிரித்து, மையில் தொட்டு, அமுக்கினார். ரப்பர் காய்ந்து வெடித்துப்போயிருந்தது. தாளில் மூன்று சிவப்புப் புள்ளி மட்டும் விழுந்தது.

"உசாமி சென்செய், நீங்களே கையால எழுதிடுங்க," என்றார் ஒகானோ. "அப்படி எழுதக் கூடாதுன்னு எங்கயும் போடலை."

எழுதினாள். தன் வேலைக்குத் தானே எழுதிய அந்தச் சொல்லை ஒருமுறை படித்துப் பார்த்தாள். நேரான எழுத்தில்தான் எழுதியிருந்தாள்.

மார்ச் முப்பத்தொன்றுக்கு அவள் தன் சாமான்களை இரண்டே பெட்டியில் அடைத்தாள். ஏப்ரலில் தொயாமாவில், ரயில் நிலையத்துக்கு எதிரே இரண்டாம் மாடியில் நடக்கும் ஒரு தனிப்பயிற்சிப் பள்ளியில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தாள். கீழே காலணிக் கடை. நான்காம் மாடியை நினைத்து முதல் மாதம் அழுதாள், அதை மறைப்பதில் பிரயோஜனமில்லை. அங்கே பிள்ளைகள் "ஏன்? எப்படி? புரியலையே" என்று பிடுங்கி எடுத்தார்கள். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு எந்தப் பலகையிலும் "இதேபோல்" என்று எழுத முடியாமல் போனது.

ஜூனில் ஓர் ஆய்விதழிலிருந்து கடிதம் வந்தது. ஒரு திருத்தக் கட்டுரையை மதிப்பிட்டுத் தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். எழுதியவர்கள் நிவா, மோகி. குசகாபேயின் பெயர் இல்லை. அறுபத்தைந்து வயதில் அவரும் ஏதோ ஒன்றுக்கு ஒத்துக்கொள்ள மறுத்திருக்கிறார் போலிருக்கிறது. இரண்டே பக்கம். ஏழு புள்ளி உதாரணம் அரிதான ஒரு சிறப்பு நிலை என்றும், அதை விலக்கிவிட்டால் தேற்றம் முன்போலவே நிற்கும் என்றும் எழுதியிருந்தார்கள். நிறுவல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வரி: "முழு வடிவில் காண்க." அதற்குக் கீழே: "பயனுள்ள உரையாடல்களுக்காக உசாமி சயோவுக்கு நன்றி."

நிராகரிக்கலாம் என்று எழுதி அனுப்பினாள். பத்து நாளில் பதிப்பாசிரியரின் பதில் வந்தது. மற்ற இரண்டு மதிப்பீட்டாளர்களும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், இருவரும் மதிப்புமிக்கவர்கள், தாங்கள் சற்று மறுபரிசீலனை செய்ய இயலுமா என்று மிக மரியாதையாகக் கேட்டிருந்தார்.

"இல்லை," என்று மட்டும் பதில் எழுதினாள். அந்த இதழில் மூன்றில் இரண்டு பேர் போதும். திருத்தம் செப்டம்பரில் வெளியானது.

அந்த வாரம் ஒரு மதியம், பிள்ளைகள் வருவதற்கு முன், பயிற்சிப் பள்ளியின் கணினியில் அவள் ஒரு பக்கம் எழுதினாள். ஏழு புள்ளிப் படம், இடப்பக்கம், வலப்பக்கம். அந்த உதாரணம் அரிதானது இல்லை, எந்த வலையிலும் எத்தனை வேண்டுமானாலும் ஒட்டலாம் என்பதற்கு ஐந்து வரி. எதையும் விடவில்லை. யார் வேண்டுமானாலும் படிக்கும்படி பொதுத்தளத்தில் ஏற்றினாள். தலைப்புக் கேட்ட இடத்தில், குசகாபேயின் தேற்றத்தின் பெயரைப் போட்டு, "முழு வடிவம்" என்று சேர்த்தாள். நிறுவனம் கேட்ட இடத்தில் பயிற்சிப் பள்ளியின் பெயரும், இரண்டாம் மாடி, காலணிக் கடைக்கு மேலே என்றும் எழுதிவிட்டு வகுப்புக்குப் போனாள்.